புதுக்கடை மாடியில் ஒரு சட்ட ஆலோசனை: குத்தகை முடிந்த வீட்டில் இருப்பவர்களுக்காக

ஐந்தில் நான்கு கொடுக்கிறேன். குறைந்த ஒன்றுக்கு அந்த அலுவலகத்தின் எழுதுவினைஞரும் மாடிப்படியும் ஆளுக்குப் பாதி பொறுப்பு.

சட்டத்தரணியின் பெயரை எழுதப் போவதில்லை. தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது அவர்களுடைய தொழில் ஒழுக்க விதி. நான் புகழப் போய் அந்த மிஸ்ஸுக்கு வம்பு வந்துவிடக் கூடாது. இடத்தை மட்டும் சொல்கிறேன். புதுக்கடை நீதிமன்ற வளாகத்திலிருந்து டாம் வீதிப் பக்கம் இறங்கினால் பழைய மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கும். கீழே போட்டோப் பிரதிக் கடை, அதன் வாசலில் சத்தியக்கடதாசி அடித்துக் கொடுக்கும் தட்டச்சுக்காரர், படிக்கட்டுச் சுவர் முழுக்கப் பெயர்ப்பலகைகள். அவற்றில் ஒன்றுதான் இது. வெள்ளவத்தையிலிருந்து போகிறவர்கள் 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து முச்சக்கர வண்டி பிடிப்பது நல்லது. வெயிலில் நடந்து போனால் ஆலோசனை காதில் ஏறாது.

என் விவகாரம் கொழும்பில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் மூன்றாம் தட்டில், இரண்டு அறை வீடு. சொந்தக்காரர் டொரொன்டோவில். இங்கே அவருடைய மைத்துனர் அற்றோர்னித் தத்துவத்தோடு, அதாவது அவர் சார்பில் செயல்பட எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு, எல்லாவற்றையும் பார்க்கிறார். இரண்டு வருடக் குத்தகை, நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுப்படுத்தும் சட்டத்தரணி) முன்னிலையில் கையெழுத்திட்டது. அது முடிந்தபோது, “புதுப்பிப்பதை ஆறுதலாகப் பார்ப்போம் டீச்சர், நீங்கள் எங்கே ஓடப் போகிறீர்கள்” என்றார் மைத்துனர். நான் வழக்கம்போல மாதத் தொடக்கத்தில் அதே வங்கிக் கணக்குக்கு வாடகையைப் போட்டேன். அவரும் வாங்கிக்கொண்டார். இப்படியே மாதங்கள் போயின. பிறகு வீட்டுக்கு விலை பேச ஒருவர் வந்தார். அதுவரை என்னைக் கண்டால் படியில் நின்று சுகம் விசாரித்த மனிதர், பதிவுத் தபாலில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அனுப்பினார். பதினான்கு நாட்களுக்குள் வெளியேற வேண்டும். தவறினால் குத்தகை முடிந்த தேதியிலிருந்தே நாளொன்றுக்கு 5,000 ரூபா வீதம் நட்டஈடு கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது.

நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவள். பெருக்கிப் பார்த்தேன். ஓய்வூதியத்தில் அடைக்கக் கூடிய தொகை அல்ல.

இந்த மாதிரிக் கடிதம் வந்தால் முதலில் வந்து சேர்வது உறவினர்கள்தான். ஒருவர், குத்தகை முடிந்துவிட்டதால் எனக்கு ஒரு உரிமையும் இல்லை, மரியாதை கெடுவதற்கு முன் சாமான்களைக் கட்டு என்றார். இன்னொருவர் நேர்மாறு: இலங்கைச் சட்டத்தில் குடியிருப்பவரை அசைக்கவே முடியாது, தன் மாமனார் கொட்டாஞ்சேனையில் பழைய வாடகைக்கே முப்பது வருடம் இருந்தவர் என்றார். மூன்றாமவர் ஒரு படி மேலே போய், “டொரொன்டோக்காரர்தான் சொந்தக்காரர் என்பதற்கு என்ன சாட்சி, வீட்டு உறுதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள்” என்று யோசனை சொன்னார்.

காலி வீதியில் குளிரூட்டிய அலுவலகம் வைத்திருக்கும் ஒரு சட்டத்தரணியிடமும் தரகர் ஒருவர் கூட்டிக்கொண்டு போனார். அந்த இடத்தின் பெயரும் இங்கே வேண்டாம். அவர் என் கடதாசிகளைத் தொடவே இல்லை. சாவியைக் கொடுக்காதீர்கள், வழக்குப் போடட்டும், பத்து வருடம் இழுக்கலாம், கடைசியில் அவர்களே காசு தந்து எழுப்புவார்கள் என்றார். நாற்காலி மெத்தென்று இருந்தது, தேநீரும் நல்லது. ஆனால் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியையைப் பத்து வருடம் நீதிமன்றப் படியில் ஏற்றுவதில் அவருக்கு இருந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை.

புதுக்கடை மிஸ் செய்த முதல் காரியமே வேறு. நான் கதையைத் தொடங்கினேன். கையை மெதுவாக உயர்த்தி, “டீச்சர், கதை பிறகு. கடதாசிகளைத் தாருங்கள்” என்றார். பையிலிருந்ததை மேசையில் கொட்டினேன். குத்தகை உறுதியை ஒரு பக்கம் வைத்தார், குத்தகை முடிந்த தேதிக்குப் பிந்தியவை எல்லாவற்றையும் மற்றப் பக்கம் அடுக்கினார். உறுதியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, இரண்டாவது அடுக்கைத்தான் வரி வரியாக வாசித்தார். வங்கிச் சீட்டுகள், மின்சாரப் பட்டியல்கள், என் கைபேசியில் இருந்த வட்ஸ்அப் செய்திகள்.

ஒரு செய்தியில் நிறுத்தினார். “ஒக்டோபர் வாடகை கிடைத்தது டீச்சர், நன்றி” என்று மைத்துனர் அனுப்பியது. குத்தகை முடிந்தது ஓகஸ்டில். “இதை அழித்துவிடாதீர்கள். இன்றைக்கே பிரதி எடுத்து வையுங்கள்” என்றார். கீழே போட்டோப் பிரதிக் கடைப் பையனிடம் அதை அச்செடுத்தேன். அந்த ஒரு தாள்தான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானித்தது.

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட மாதிரி எழுதுகிறேன். வகுப்பில் குறிப்பெடுத்த பழக்கம் எனக்கு உண்டு.

குத்தகை முடிந்த பிறகும் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்ல. கொட்டாஞ்சேனை மாமனார் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்தவர். அந்தச் சட்டத்துக்குள் வருகிற பழைய குடியிருப்பாளரை, ஒப்பந்தம் முடிந்தது என்ற ஒரே காரணத்தால் எழுப்ப முடியாது. வாடகை நிலுவை, சொந்தக்காரருக்கு அல்லது அவர் குடும்பத்துக்கு உண்மையாகவே வீடு தேவைப்படுவது போன்ற, சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். சொந்தக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், மாநகர சபையில் அதற்கென்று அதிகாரம் பெற்றவரிடம் பணத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் 1980இலும் 2002இலும் வந்த திருத்தங்கள் அந்தக் குடையை நன்றாகச் சுருக்கிவிட்டன. நாங்கள் இன்று கொழும்பில் இலட்சக் கணக்கில் முற்பணம் கொடுத்துப் பிடிக்கும் தொடர்மாடி வீடுகளுக்கு அந்த நிழல் பெரும்பாலும் எட்டாது. மாமனார் கதையைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அந்தச் சட்டத்துக்கு வெளியே இருக்கும் வீடுகளில், ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே நிலைத்திருக்கும் ரோமன் டச்சுச் சட்டம்தான் பேசுகிறது. நொத்தாரிசு எழுதிய குத்தகை குறித்த தேதியில் தானாகவே முடிந்துவிடும். அதற்குத் தனியாக அறிவித்தல் கூடத் தேவையில்லை. அதற்கு மேலும் சொந்தக்காரர் சம்மதமில்லாமல் இருந்தால், இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் நட்டஈடு ஏறும். ஆனால் தேதி முடிந்த பிறகு அவர் வாடகையை வாடகையாகவே வாங்கிக்கொண்டு சும்மா இருந்தாரென்றால், பேசாமலேயே ஒரு புதிய வாடகை உறவு பிறந்துவிடுகிறது. அது இன்னொரு இரண்டு வருடக் குத்தகையாக அல்ல, மாதாந்த வாடகையாக. ஏனென்றால் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால் மட்டுமே செல்லும். இருநூறு வருடத்தை நெருங்கும் அந்தப் பழைய சட்டம்தான் இன்றும் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளை ஆள்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி. முத்திரை வரியை மிச்சம்பிடிக்கக் கடையில் வாங்கிய படிவத்தில் “இரண்டு வருடம்” என்று தாங்களே எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்கிறவர்கள் இதை வாசிக்கிறீர்களானால், உங்கள் கையில் இருப்பதும் அநேகமாக மாதாந்த வாடகைதான்.

மாதாந்த வாடகையை முடிக்க ஒரு முழுக் காலண்டர் மாத அறிவித்தல் வேண்டும், அது மாத முடிவில் முடிய வேண்டும். எனக்கு வந்த கடிதம் மாத நடுவில் எழுதப்பட்டு, பதினான்கு நாள் கொடுத்தது. அந்த ஒக்டோபர் செய்தியும் வங்கிச் சீட்டுகளும் இருக்கும்போது அந்தக் கடிதம் நிற்காது என்றார் மிஸ். வாடகை வாங்கிய மாதங்களுக்கு மேலதிகமாக அதே மாதங்களுக்கு நாளுக்கு 5,000 வீதம் நட்டஈடும் கேட்பது, ஒரே பாடத்துக்கு இரண்டு முறை புள்ளி போடுவதைப் போன்றது என்று நான் சொன்னேன். மிஸ் சிரித்தார். அதையே வேறு சொற்களில் கடிதத்தில் எழுதினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர் மீது மதிப்பு வந்தது. “அப்படியானால் எவ்வளவு காலம் இருக்கலாம்?” என்று ஆசையோடு கேட்டேன். “ஒழுங்கான அறிவித்தல் வந்தால், அது சொல்லும் மாத முடிவு வரை. அதற்குப் பிறகு நீங்களும் மற்றவர்களைப் போலத்தான்” என்றார். பத்து வருடக் கதையைச் சொன்னேன். முகம் சுளிக்கவில்லை, அந்தச் சட்டத்தரணியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. குத்தகைக்குக் கொடுத்த இடங்களின் உடைமையை மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது, அதன் நோக்கமே இந்த வழக்குகளை விரைவுபடுத்துவதுதான், பழைய இழுவைக் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றார். இழுத்த காலம் முழுவதும் நட்டஈடு ஏறிக்கொண்டே இருக்கும், தீர்ப்பு வரும் நாளில் அது உங்கள் தலையில் விடியும் என்பதையும் சொன்னார். ஒரு வழக்கை எடுத்து வருடக் கணக்கில் கட்டணம் வாங்கியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

உறுதியைக் காட்டச் சொல் என்ற மூன்றாமவரின் யோசனையையும் கேட்டேன். ஒருவரிடம் வாடகைக்கு வந்தவர், அந்த உறவு நீடிக்கும்போது அவருடைய உரித்தை, அதாவது அவர்தான் சொந்தக்காரர் என்பதை, மறுக்க முடியாது, 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறது என்றார். ஆனால் மைத்துனரிடம் அற்றோர்னித் தத்துவத்தின் பிரதியைக் கேட்பதில் தவறில்லை. கடிதம் அனுப்புகிறவருக்கு அந்த அதிகாரம் இன்னும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா. கேட்டோம். பிரதி வந்தது. அதிகாரம் இருந்தது.

வாங்க வரும் ஆளைப் பற்றியும் கேட்டேன், ஏனென்றால் மைத்துனர் மிரட்டியது அதை வைத்துத்தான்: “புது ஆள் வந்தால் உங்களோடு பேச மாட்டார், சாமானைத் தூக்கி வெளியே வைப்பார்.” அப்படி ஒன்றும் கிடையாது. வீடு விற்கப்பட்டாலும் அதில் இருக்கும் வாடகை உறவு அதோடு சேர்ந்தே கைமாறும். புதிய சொந்தக்காரர் பழையவரின் இடத்தில் நிற்பார், அவரும் அறிவித்தல் கொடுக்க வேண்டும், போகவில்லை என்றால் அவரும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். எந்தச் சொந்தக்காரருக்கும் தன் கையால் எழுப்பும் அதிகாரம் இல்லை.

அதை நேரில் பார்க்கும் வாய்ப்பு சீக்கிரமே வந்தது. எங்கள் கடிதம் கிடைத்த கோபத்தில் மைத்துனர், படிக்கட்டின் கீழே தண்ணீர் மோட்டார் சுவிட்ச் இருக்கும் தகரப் பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார். மூன்றாம் தட்டுக்குத் தண்ணீர் ஏறாது. காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மகள் வேலைக்குப் போக வேண்டும். குளியலறையில் முதல் நாள் பிடித்து வைத்த ஒரு வாளி மட்டும் இருக்கிறது. பெட்டியில் தொங்கியது பித்தளைப் பூட்டு, விலைச்சீட்டைக் கூடக் கழற்றவில்லை. அதைப் படம் எடுத்து மிஸ்ஸுக்கு அனுப்பினேன். நீதிமன்றத்தில் இருந்திருப்பார் போலும், பதில் மதியம்தான் வந்தது. பூட்டை உடைக்காதீர்கள், பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் தமிழிலேயே முறைப்பாட்டைக் கொடுங்கள், அது உங்கள் அரசியலமைப்பு உரிமை, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்குங்கள் என்று.

இங்கே ஒரு சிறு விலகல். எங்கள் தலைமுறைத் தமிழருக்குக் கொழும்பில் வாடகை வீடும் பொலிஸ் நிலையமும் ஒரே வாக்கியத்தில் வந்தால் வயிறு கலங்கும். 2007 ஜூன் மாதம் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை விடியற்காலையில் பொலிஸார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பியது யாருக்கும் மறக்கவில்லை. மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததையும் மறக்கக் கூடாது. குத்தகைப் பிரச்சினைக்குப் பொலிஸுக்குப் போ என்றதும் எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. மைத்துனரும் தமிழர்தான், அவருக்கும் அதே ஞாபகம் இருந்திருக்கும். என் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு அவரைத் தொலைபேசியில் அழைத்த பொலிஸ்காரர் இரண்டு நிமிடம் பேசினார். மாலைக்குள் பூட்டு காணாமல் போய்விட்டது.

பூட்டு அப்படிப் போகாமல் இருந்திருந்தால் என்ன வழி என்று அடுத்த முறை கேட்டுத் தெரிந்துகொண்டேன். அமைதி குலையும் நிலை வந்தால் 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸோ பாதிக்கப்பட்டவரோ நீதிமன்றத்துக்குப் போகலாம். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் அதைத் தொடங்கினால், உரித்து யாருக்கு என்ற பெரிய கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் இருந்தவரைத் திரும்ப இருத்த முடியும். மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை வழக்கு, அதாவது இருந்த இடத்தைத் திரும்பப் பெறும் வழக்கு, போடுவதானால் ஒரு வருட அவகாசம் உண்டு. ஒரு நாள் வெளியே போய்த் திரும்பி வரும்போது கதவுப் பூட்டு மாறியிருக்கக் கண்டவர்கள், அக்கா வீட்டில் தங்கி யோசித்துக்கொண்டிருக்காமல் அந்த இரண்டு மாதத்தைக் கணக்கில் வையுங்கள்.

முற்பணப் பிரச்சினைக்கு வருகிறேன். பணம் திரும்பி வருவது சட்டத்தை விட மனிதரைப் பொறுத்தது என்பதால், இதில்தான் மிஸ்ஸின் சாமர்த்தியத்தை அதிகம் பார்த்தேன். என் ஆறு மாத முற்பணத்தில் கை வைக்க மைத்துனர் கொண்டுவந்த பட்டியலில் முதலாவது, துருப்பிடித்த யன்னல் கம்பிகள். மரைன் டிரைவ் பக்கம் குடியிருந்தவர்களுக்குத் தெரியும்: அங்கே கடற்காற்று இரும்பைத் தின்னும். எங்கள் சமையலறை யன்னலில் கீழ்க் கம்பி விரலால் தொட்டால் செதில் செதிலாக உதிரும். தென்மேற்குப் பருவக்காற்று முடியும்போது கண்ணாடியில் உப்புப் படலம் நிற்கும், துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகும். இதற்கு நான் என்ன செய்ய முடியும்? சாதாரணப் பாவனையாலும் காலத்தாலும் இயற்கையாலும் வரும் தேய்மானம் குடியிருந்தவர் தலையில் விழாது, குத்தகை உறுதியிலேயே அப்படித்தான் இருக்கிறது என்று மிஸ் அந்தப் பந்தியைத் தேடி எடுத்துக் கோடிட்டார். ஆனால் அதே பட்டியலில் இருந்த குளியலறைத் தொட்டி வெடிப்பு எங்களுடையது என்றதும், அதைக் கட்டிவிடுங்கள், வாதாடாதீர்கள் என்றார். கடைசி மாத வாடகையைக் கட்டாமல் முற்பணத்தில் கழித்துக்கொள்ளலாமா என்ற என் கேள்விக்கும் இல்லை என்றுதான் பதில். உறுதியில் அதற்கு இடமில்லாவிட்டால் அது வாடகை நிலுவைதான். நல்ல நிலையில் இருக்கும் ஒரு வழக்கை நாங்களே கெடுத்துக்கொள்வோம்.

இனிக் குறைகள்.

எழுதுவினைஞர் ஐயா வயதில் என்னை விட மூத்தவர், குரலில் அதைவிடவும் மூத்தவர். சந்திக்க நேரம் வாங்கிக்கொண்டு போனாலும், மிஸ் நீதிமன்றத்திலிருந்து வரும் வரை படிக்கட்டுத் தலைப்பில் போட்டிருக்கும் ஒரே வாங்கில் இருக்கச் சொல்வார். அந்த வாங்கில் மூன்று பேருக்குத்தான் இடம். காணி வழக்குக்காரர்கள் குடும்பத்தோடு வருவார்கள். புதுக்கடையில் எல்லாரும் காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் வழக்கு மதியம்வரை போகும் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கலாம். கட்டணத்துக்குப் பற்றுச்சீட்டு கேட்டபோது, “இங்கே யாரும் கேட்பதில்லை” என்றார். குத்தகைப் பிரச்சினை முழுவதும் பற்றுச்சீட்டில்தான் தங்கியிருக்கிறது என்று உள்ளே எனக்குப் பாடம் நடந்துகொண்டிருக்க, வெளியே இந்தப் பதில். விடாமல் நின்றேன். மிஸ்ஸின் கையெழுத்தோடு வந்தது.

ஆலோசனைக்கு 5,000 ரூபா, பதில் கடிதத்துக்கு 7,500. காலி வீதிக் குளிரூட்டியில் அமர்ந்த கட்டணத்தை விட இது குறைவு. ஆனால் கடிதம் ஆங்கிலத்தில்தான். தமிழில் ஒரு பிரதி வேண்டுமென்றால் மொழிபெயர்ப்புக்குத் தனிக் கட்டணம் என்றார் ஐயா. அனுப்புகிறவளும் தமிழ், பெறுகிறவரும் தமிழ், எழுதிய மிஸ்ஸும் மட்டக்களப்புத் தமிழ். நடுவில் ஆங்கிலம் எதற்கு என்று கேட்டேன். வழக்குக்குப் போனால் எல்லாத் தரப்பும் அதைத்தான் வாசிக்கும் என்றார் மிஸ். பதில் நியாயம்தான், ஆனால் என் மனம் முழுவதும் ஆறவில்லை. கடிதத்தின் ஒவ்வொரு பந்தியையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லி விளங்கப்படுத்திய பிறகே அனுப்பினார் என்பதையும் எழுத வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கவில்லை.

மாடிப்படி செங்குத்து. கைபிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது, அதுவும் முதல் தட்டோடு நின்றுவிடுகிறது. முழங்கால் நோவுள்ளவர்கள் கீழே போட்டோப் பிரதிக் கடையில் சொன்னால் பையன் மேலே போய்ச் சொல்வான். மிஸ்ஸே இறங்கி வந்து கடை வாசலில் நின்று பேசியதை நான் பார்த்திருக்கிறேன்.

யார் இங்கே போக வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். வருமானம் குறைந்தவர்கள் முதலில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது, அதன் தலைமை அலுவலகமும் புதுக்கடையில்தான் இருக்கிறது. தகுதியிருந்தால் காசு செலவில்லை. அதேபோல, வாடகை கட்டாமல் இருந்துகொண்டு காலம் இழுக்கத் தந்திரம் தேடுகிறவர்களுக்கும் இந்த அலுவலகம் சரிவராது. கடதாசிகளைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் மிஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். நான் வாங்கில் இருந்தபோது அப்படி ஒருவர் உள்ளே போய்ச் சத்தமாகத் திரும்பி வந்தார்.

மற்றவர்கள் போகும்போது, குத்தகை உறுதியை விடக் குத்தகை முடிந்த பிறகு சேர்ந்த தாள்களைக் கவனமாகக் கொண்டு போங்கள். வங்கிச் சீட்டு, பட்டியல், செய்தி, தபால் உறையும் கூட. உறையில் இருக்கும் தேதி முத்திரைதான் அறிவித்தல் எப்போது வந்தது என்பதற்குச் சாட்சி. சொந்தக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, “இது வாடகை அல்ல, தங்கியிருப்பதற்கான நட்டஈடாக மட்டும் ஏற்கிறேன்” என்று எழுதி அனுப்பியிருந்தால் அதை ஒளிக்காதீர்கள். அப்படி ஒரு வரி இருந்திருந்தால் என் கதை வேறு மாதிரிப் போயிருக்கும் என்று மிஸ் தெளிவாகவே சொன்னார்.

மைத்துனருடைய சட்டத்தரணி பிறகு ஒழுங்கான அறிவித்தல் ஒன்றை அனுப்பினார், முழு மாதத்துக்கு. அதைவிட ஒரு மாதம் கூடுதலாக மிஸ் பேசி வாங்கினார்; மகளின் வங்கிக்குக் கிட்டவாகத் தெஹிவளையில் வீடு பார்க்க அந்த அவகாசம் தேவைப்பட்டது. சாவியைக் கொடுக்கும் நாளிலேயே முற்பணக் காசோலையும் கைமாற வேண்டும் என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்து வைத்தோம். குளியலறைத் தொட்டிக்குக் கழித்தார்கள், யன்னல் கம்பிக்குக் கழிக்கவில்லை. நாளுக்கு 5,000 என்ற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

தெஹிவளை வீட்டுக் குத்தகையை எழுதுவதற்கும் மிஸ்ஸிடம்தான் போனேன். அவர் நொத்தாரிசும் கூட. குத்தகை முடிந்த பின் இருக்க நேர்ந்தால் என்ன வீதம், எத்தனை நாள் அறிவித்தல், முற்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று மூன்று பந்திகளை அவரே சேர்த்தார். புதிய சொந்தக்காரர் முதலில் முறைத்தார், பிறகு ஒப்புக்கொண்டார். காணிப் பதிவகத்தில் பதிந்து தருவதாகச் சொன்ன அந்தக் குத்தகை உறுதி இன்னும் எழுதுவினைஞர் ஐயாவின் மேசையில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.